பதினொரு வால்கட்டைகள்

எங்கள் ஊரிலிருந்து நல்லூர்ப் பக்கத்து மைதானத்துக்கு 6 மைல். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் 4 மணி ஆட்டத்துக்கு 2 மணிக்கே வெளிக்கிட்டுவிடுவோம். சிறுப்பிட்டியில் பத்துச் சைக்கிள் சேரும். நீர்வேலி வாழைத் தோட்டங்களைத் தாண்டும்போது அது இருபதாகிவிடும். கோப்பாய்ச் சந்தியில் வடமராட்சிக்காரரும் வந்து கலந்துகொள்வார்கள். அவர்கள் எங்களுக்கு முன்னரே புறப்பட்டு, வல்லைவெளியின் காற்றைத் தின்று, வியர்த்துக் கொட்டியபடி வந்திருப்பார்கள். எதிர் அணிக்குக் கத்தப் போகிறவர்கள்தான். ஆனாலும் பருத்தித்துறை வீதி ஒன்றுதான் இருந்தது. ஒருவருக்கு ஒருவர் காற்று மறைத்து, முன்னுக்குப் போகிறவன் களைத்தால் பின்னுக்கு வருகிறவன் முன்னேறி, பேசிக்கொண்டே போவோம். கத்துவதெல்லாம் கோட்டுக்கு வெளியே நின்று, 90 நிமிடம் மட்டும். திரும்பும்போது அதே வீதி, அதே ஆட்கள்.

அந்த ஒழுங்கை நான் ஒருநாள் உடைத்தேன். முப்பது வருடம் யாருக்கும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் அப்போது சைக்கிள் என்னவாக இருந்தது என்பதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. 1990 ஜூன் 8ஆம் திகதி உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் ஆர்ஜென்டினாவை கமரூன் 1-0 என்று வென்றதை, ஊரில் ஒரு வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடியிருந்து பார்த்தோம். எனக்கு 13 வயது. அந்த ஆரவாரம் அடங்குமுன் சண்டை மறுபடி மூண்டது. மின்சாரம் போனது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் கண்ணுக்குத் தெரியாத பொருளாயிற்று. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் சில துளி பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓடினார்கள். மற்ற எல்லோருக்கும் சைக்கிள்தான். ஆஸ்பத்திரிக்கு நோயாளி போனது கரியலில். விறகு போனதும், நெல்மூட்டை போனதும், புதுமணத் தம்பதி கோயிலுக்குப் போனதும் சைக்கிளில். வானொலிக்கு பற்றரி கிடையாது என்பதால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்டோம்.

டயர், ரியூப் கிடைப்பது குதிரைக் கொம்பு. தேய்ந்த டயரின் உட்பக்கத்தில் இன்னொரு பழைய டயர்த் துண்டை வைத்து ஓடுவோம். ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட ரியூப் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் இருக்கும். எல்லாவற்றிலும் சின்னச் சாமான் வால்கட்டை. ரியூபின் வாயில் செருகி இறுக்கும், சுண்டுவிரல் நுனியளவு பித்தளைக் குழாய் அது. அதன் பக்கத்தில் ஊசித்துளை ஒன்று. துளையை மூடி மெல்லிய றப்பர் ரியூப் ஒன்று போர்த்தியிருக்கும். பம்ப் அடிக்கும்போது காற்று அந்த றப்பரை விலக்கி உள்ளே போகும், திரும்பி வர விடாமல் அதே றப்பர் இறுகிப் பிடித்துக்கொள்ளும். முழுச் சைக்கிளும் ஆளும் பாரமும் அந்த அரை அங்குல றப்பரை நம்பித்தான் ஓடின. அது வெடித்தால் மாற்றுத் தேடி மூன்று சந்தை அலைய வேண்டும்.

1993இல் எனக்கு 16 வயது. எங்கள் ஊர் அணி ஒரு சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்துக்கு வந்தது. எதிரே வடமராட்சிக் கரையோர ஊரொன்றின் அணி. பெயர் வேண்டாம், அவர்கள் பக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. அப்பாவின் றலிச் சைக்கிளைக் கேட்டு வாங்கி, சிநேகிதன் ஒருவனைப் பாரில் ஏற்றிக்கொண்டு போனேன். சைக்கிளில் லைற் இல்லை. டைனமோ வீட்டில் வானொலிக்குத் தேவைப்பட்டது.

அன்றைய மைதானம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. கோடு போடச் சுண்ணாம்பு இல்லாமல் அடுப்புச் சாம்பல் தூவியிருந்தார்கள். கச்சான் விற்கிற ஆச்சிமார் கடகத்தோடு இருந்தார்கள். கிளுவை வேலியோரம் சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, முந்நூறு நானூறு இருக்கும். ஒன்றுக்கும் பூட்டு இல்லை. அவர்களுடையவை மட்டும் ஒரு வேப்பமரத்தின் கீழ் சேர்ந்து நின்றன, நீண்ட தூரம் ஒன்றாக வந்து ஒன்றாகவே நிறுத்தியதால்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் அவர்களுடைய வலப்பக்க ஆட்டக்காரன், என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம், மெலிந்த பெடியன், எங்கள் பின்வரிசையில் இரண்டு பேரை வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் கோல் அடித்தான். அடித்த கையோடு எங்கள் ஆள் ஒருவன் அவனுடைய கணுக்காலில் விழுந்தான். பெடியன் எழும்பவில்லை. தூக்கிக்கொண்டு போனார்கள். நான் கைதட்டினேன். கோலுக்கு அல்ல, அவன் விழுந்ததற்கு. அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

விசில் ஊதியதும் அவர்கள் மைதானத்துக்குள் ஓடினார்கள். கிண்ணம் கொடுக்கிற மேசையைச் சுற்றிச் சனம். நாங்கள் நாலைந்து பேர் வேப்பமரத்தடிக்குப் போனோம். யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை, நானாகவே இருக்கலாம். மற்றவர்கள் ஒன்றிரண்டு சைக்கிளில் காற்றைத் திறந்துவிட்டுப் பயந்து விலகினார்கள். நான் விலகவில்லை. குந்தியிருந்து, ஒரு ஆட்டக்காரனுக்கு ஒன்று என்று எண்ணி, பின்சில்லுகளிலிருந்து பதினொரு வால்கட்டைகளைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன். காற்றைத் திறந்துவிட்டால் பம்ப் அடித்துக்கொள்ளலாம். வால்கட்டை இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அது தெரிந்துதான் கழற்றினேன். ஒவ்வொன்றும் கழன்று வரும்போது சில்லு பெருமூச்சு விடுவதுபோலச் சீறியது. அந்தச் சத்தம் எனக்கு அப்போது இனிமையாக இருந்தது.

பிறகு கோப்பாயில் ஒரு வீட்டு வாசலில் நின்று, தோற்ற ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பேசி நேரம் போக்கினோம். இருட்டிவிட்டது. சிநேகிதன் வேறொருவனோடு போய்விட, நான் தனியே மிதித்தேன். நீர்வேலியைத் தாண்டியதும் முன்னால் ஒரு சத்தம். வெறும் றிம் கல்லில் மோதுகிற சத்தம், டொக், டொக் என்று. கிட்டப் போனபோது உருவம் தெரிந்தது. வயதான ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறார். கரியலில் ஒரு பெடியன், ஒரு கால் தொங்க, மறுகாலில் சாரத் துணி சுற்றியிருக்கிறது.

“அப்பு, நான் இறங்கி நடக்கிறன்.”

“பேசாம இரடா. கால் வீங்கிப்போய்க் கிடக்கு.”

அவனேதான். காற்றில்லாத சில்லில் ஆளை ஏற்றி உருட்டினால் டயரும் போகும், ரியூபும் போகும். அந்த நாட்களில் அதற்குப் பிறகு சைக்கிளே இல்லை என்று அர்த்தம். அது அந்த மனிதருக்கும் தெரிந்திருக்கும். மகனின் காலா, டயரா என்று அவர் தீர்மானித்துவிட்டு நடந்துகொண்டிருந்தார். இன்னும் வல்லைவெளி இருந்தது. அந்த வெளியில் ஒரு வீடு இல்லை, ஒதுங்க மரம் இல்லை, இரண்டு பக்கமும் தரவையும் தண்ணீரும்தான். பகலிலேயே காற்றுச் சைக்கிளைப் பிடித்துத் தள்ளும்.

என் சட்டைப் பையில் பதினொரு வால்கட்டைகள் இருந்தன. இறங்கி, “ஐயா, இந்தாங்கோ” என்று ஒன்றைக் கொடுத்தால் போதும். பக்கத்து வீடொன்றில் தட்டினால் பம்ப் கிடைக்கும். எப்படி உன்னிடம் வந்தது என்று கேட்டாலும் கேட்டிருப்பார், கேட்காமலும் விட்டிருப்பார். நான் இறங்கவில்லை. பையை ஒரு கையால் பொத்திக்கொண்டேன், உள்ளே பித்தளை கிலுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும் என்று. பெடலை அழுத்தி அவரைக் கடந்தேன். கடக்கும்போது இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“தம்பி, லைற் இல்லாமல் போறாய். முன்னுக்கு ஷெல் விழுந்த கிடங்கு கிடக்கு. இடக்கைப் பக்கமாப் பிடிச்சுப் போ.”

நான் இடக்கைப் பக்கமாகப் பிடித்தேன். கிடங்கு இருந்தது. விழாமல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அந்த ஆட்டத்தின் கோலை நான் மறந்திருப்பேன். அந்தக் குரலை மறக்க வழியில்லாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பத்து வால்கட்டைகளை அன்றிரவே தோட்டத்துப் பாழ்கிணற்றில் போட்டேன். ஒன்று சட்டைப் பையின் தையலுக்குள் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. உடுப்புத் தோய்க்கும்போது அம்மா எடுத்தார். அப்பா கேட்டார்.

“எங்கையடா எடுத்தனி?”

“சுன்னாகச் சந்தையிலை வாங்கினனான்.”

அப்பா முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னார். எங்கள் பின்சில்லின் வால்கட்டை நாட்பட்டுக் கசிந்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, நான் கொண்டுவந்ததைப் போட்டு இறுக்கினார். அன்றிலிருந்து நான் பள்ளிக்கூடம் போனதும், ரியூஷன் போனதும், அந்தக் கரையோரத்து மனிதரின் ஊர்க்காரர் ஒருவரின் காற்றில்தான். ஒருவேளை அவருடையதாகவேகூட இருக்கலாம்.

மச் பார்க்கப் போவதை அதன்பின் விட்டுவிட்டேன். வீட்டில் படிப்பு என்று நினைத்தார்கள்.

1995 ஒக்டோபரில் இராணுவம் வலிகாமத்தின் கிழக்குப் பக்கமாக முன்னேறியது. ஊரை விட்டு நல்லூரில் தெரிந்தவர் வீட்டுக்கு வந்தோம். அந்த மைதானத்துக்குக் கூப்பிடு தூரம். 30ஆம் திகதி பின்னேரம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், எல்லோரும் தென்மராட்சிக்குப் போக வேண்டும் என்று. இருட்டும் மழையும். செம்மணி வீதியிலும் நாவற்குழிப் பாலத்திலும் இலட்சக்கணக்கான சனம் நகராமல் நின்று, பிறகு ஒரு அடி நகர்ந்து, மறுபடி நின்றது. யாரும் சைக்கிளை ஓட்டவில்லை, ஓட்ட இடமில்லை. ஒவ்வொரு சைக்கிளும் ஒரு வண்டிலாகிவிட்டிருந்தது. எங்கள் சைக்கிளின் கரியலில் அம்மம்மா. ஹான்டிலில் இரண்டு பை. பாரில் அரிசி. அப்பா முன்னுக்குப் பிடித்து இழுக்க, நான் பின்னுக்கு அம்மம்மாவைத் தாங்கித் தள்ளிக்கொண்டு போனேன்.

இரவு முழுக்க என் கண் பின்சில்லில்தான் இருந்தது. சுற்றிவர எத்தனையோ சைக்கிள் பாரம் தாங்காமல் காற்றுப் போய், றிம்மில் உருண்டன. அந்த டொக் டொக் மழைச் சத்தத்துக்குள்ளும் கேட்டது. ஒவ்வொரு முறையும் நான் நின்று திரும்பிப் பார்த்தேன். நீர்வேலி வீதியில் நடந்த அந்த மனிதர் என்ன உணர்ந்து நடந்தார் என்பது, என் அம்மம்மா கரியலில் இருந்து, “நான் இறங்கி நடக்கிறன் மோனை” என்று சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் சில்லில் காற்று விடியும்வரை இறங்கவில்லை. சாவகச்சேரிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்பா அந்த வால்கட்டையைத் தட்டி, “நல்ல சாமான்” என்றார். நான் அப்போதும் சொல்லவில்லை. அவர் காலமாகும்வரை சொல்லவில்லை.

துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியோடு திருத்தப்பட்டு 2016 ஜூன் 18ஆம் திகதி மறுபடி திறக்கப்பட்டது. அந்த வருடம்தான் நான் திரும்ப ஆட்டம் பார்க்கத் தொடங்கினேன், சைக்கிளில்தான். இப்போது மைதானத்து வாசலில் நிற்பவை மோட்டார் சைக்கிள்கள். பாசையூர், நாவாந்துறை, குருநகர்ப் பெடியன்கள் பறந்து வந்து இறங்குகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் எதிர் அணிக்காரனோடு ஒரு மணி நேரம் பக்கத்தில் மிதித்துக்கொண்டு வந்த பிறகு அவனைப் பார்த்துக் கத்துவதற்கும், ஹெல்மெற்றைக் கழற்றியவுடன் கத்துவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நான் அந்த ஒரு மணி நேரத்தை நம்புகிறவன். அது இருந்தும் தவறியவன் என்பதால் கூடவே நம்புகிறேன். என் பையில் ஒரு சின்னப் பம்ப், ஒட்டுப் போடுகிற சாமான், ஒரு தகர டப்பாவில் வால்கட்டைகள் எப்போதும் இருக்கும். வீதியில் யாராவது உருட்டிக்கொண்டு போனால் இறங்குவேன். அதனால் அந்தப் பதினொன்றில் ஒன்றும் குறையவில்லை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர் அணிக்கு அந்தக் கரையோர ஊரிலேயே ஆட்டம் வந்தது. போகவா விடவா என்று ஒரு கிழமை யோசித்துவிட்டு, சைக்கிளை எடுத்தேன். வல்லைவெளியை முதன்முறையாக, அந்த மனிதர் நடந்த பக்கமாக முழுவதும் கடந்தேன். எதிர்க்காற்று. இரண்டு இடத்தில் இறங்கி நடந்தேன்.

யாரைப் போய்க் கேட்பது? அவர் பெயர் தெரியாது, முகம் தெரியாது, குரல்தான் தெரியும். அந்தக் கரையிலிருந்து போர் கொஞ்சப் பேரை எடுத்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் கொஞ்சப் பேரை எடுத்தது. மகனுக்கு இப்போது 45 வயது தாண்டியிருக்கும். கோட்டோரம் நின்ற நடுத்தர வயதுக்காரரின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், யாராவது சற்று நொண்டுகிறார்களா என்று. ஆட்டத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை.

நாங்கள் 2-1 என்று வென்றோம். கடைசிக் கோல் கடைசி நிமிடத்தில். அவர்களுடைய பெடியன்கள் மணலில் குந்தியிருந்து அழுதார்கள். நான் கூட்டம் கலையுமுன் வெளியே வந்தேன். என் சைக்கிள் ஒரு பூவரசின் கீழ், ஹான்டிலில் எங்கள் அணியின் நிறத்தில் ஒரு துணி கட்டியபடி, பூட்டாமல் நின்றது. குனிந்து பின்சில்லைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். பிறகு முன்சில்லை. மறுபடியும் பின்சில்லை.

பக்கத்தில் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்த, கண் சிவந்த சின்னப் பெடியன் ஒருவன் நின்று பார்த்தான்.

“காத்துப் போட்டுதோ ஐயா?”

“இல்லைத் தம்பி,” என்றேன். “கிடக்கு.”