அரை அடி

ஹைதராபாதில் ஒரு வாடகை வீட்டுக் கூடம். நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டு அம்மா நடக்கிறார். மகளின் அனிமேஷன் படத்தில் வரும் பாட்டிக்கு அவர் நடைதான் மாதிரி. மோஷன் கேப்சர் ஸ்டுடியோவுக்குப் பணம் ஏது? செகண்ட்ஹேண்டில் வாங்கிய கினெக்ட் போதும். 2010இல் வீடியோ கேம்ஸுக்காக வந்த இக்கருவி, 20 மூட்டுகளை நொடிக்கு 30 முறை குறித்துக்கொள்ளும். என்ன, திரையில் புள்ளிகள் நடுங்கும்; பாதம் வழுக்கும்.

நடுக்கத்தைப் போக்க மகள் ஃபில்டரைக் கூட்டினார். பாட்டி குமரி போல நடந்தாள். (அம்மாவுக்கு ஏக சந்தோஷம்.) வலிக்கும் முழங்காலுக்குப் பயந்து அம்மா வைக்கும் அரை அடியையும் பிழையென்று மென்பொருள் துடைத்திருந்தது.

ஃபில்டரைக் குறைத்ததும் நொண்டல் திரும்பியது, நடுக்கத்தோடு. மூன்று இரவுகளாக, பிரேம் பிரேமாக, நடுக்கத்தை மட்டும் கையாலேயே நீக்கிக்கொண்டிருக்கிறார்.