நீ, நீர், நீங்கள்

போன ஆவணியில் லண்டனில் இருந்து மாமி குடும்பம் கிளிநொச்சிக்கு, எங்கட வீட்டுக்கு வந்து நின்றது. மச்சாளுக்கு இருபது வயது. அங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பத்து வருசம் படித்தவள். 247 எழுத்தும் தெரியும், ஆத்திசூடியும் தெரியும். வந்த இரண்டாம் நாள் கோயிலில் ஐயரைப் பார்த்து, "நீ எங்க இருக்கிறாய்?" எண்டு கேட்டுப்போட்டாள். ஐயர் சிரித்தார். மாமிக்குத்தான் முகம் கறுத்துப் போச்சு.

அன்று பின்னேரம் மச்சாள் எங்கள் இரண்டு பேரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டாள். "எனக்குத் தமிழ் படிப்பிக்க ஏலுமா?"

நாங்கள் அக்கா தங்கச்சி. அந்த நேரம் இரண்டு பேரும் ஜேர்மன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஒருத்திக்கு அங்கே கலியாணம் பேசியிருந்தது, மற்றவள் துணைக்கு. வெளிநாட்டில் இருந்து வாற மனைவியோ கணவனோ அடிப்படை ஜேர்மன் தெரிந்துகொண்டுதான் வர வேண்டும் என்று ஜேர்மனி 2007 இல் சட்டம் போட்டது. 2010 இல் பிரித்தானியாவும் ஆங்கிலத்துக்கு அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. கொரியாவுக்கு வேலைக்குப் போறதெண்டால் கொரியன் சோதனை. ஏ9 வீதியால் போனால் மதிலெல்லாம் இந்த வகுப்புகளின் விளம்பரம்தான். எங்கட ஊரில் ஒரு மொழியைப் படிக்கிறது கேற் திறக்கிற துறப்பு வாங்குகிற மாதிரி. அந்த மொழி வடிவோ, அதில் என்ன எழுதியிருக்கினம் என்று எவரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மச்சாள் வேறு மாதிரி ஒரு கதை சொன்னாள். அதுக்கு முந்தின வருச விடுமுறைக்கு அவள் சிநேகிதிகளோடு குவாத்தமாலாவுக்கு, ஸ்பானிஷ் படிக்கப் போனவளாம். அன்ரிகுவா என்ற சின்னப் பட்டினம். படங்கள் காட்டினாள். ஒரு முற்றம், மரங்களுக்குக் கீழே சின்னச் சின்ன மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் ஒரு ரீச்சர், ஒரு மாணவி. காலையில் நாலு மணித்தியாலம் வகுப்பு. பிறகு ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, அவர்கள் சமைக்கிறதைச் சாப்பிட்டு, அவர்களோடு கதைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த வீட்டு அம்மாவுக்குச் சமையலில் இருந்து லீவு. எங்கட அம்மாவுக்கு அது நல்லாப் பிடித்துக்கொண்டது.

"அங்க காசு குடுத்துப் படிச்சது. இங்க ஆரிட்டப் படிக்கிறது?" என்றாள்.

பிறகு நாங்கள் தேடி வாசித்தோம். ஸ்பெயினில் சலமன்கா பல்கலைக்கழகம் 1929 இல் இருந்தே வெளிநாட்டவருக்கு வகுப்பு வைக்கிறது. அது பெரிய இடம். குவாத்தமாலா எங்களை மாதிரி. 1960 இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1996 இல்தான் முடிந்தது. அப்படியொரு நாட்டில் சாதாரண வீடுகள், தாங்கள் பேசுகிற பேச்சை வைத்து ஒரு தொழில் நடத்துகின்றன.

சரி, படிப்பிப்பம் என்று கொப்பியோடு இருந்தோம். அரை மணித்தியாலத்தில் தோற்றுப் போனோம். அவள் புத்தகத்தில் "நான் வருகிறேன்". அப்பம்மா சொல்வது "வாறன்". புத்தகத்தில் "அவர்கள் வந்தார்கள்". எங்கட வாயில் "அவை வந்தவை". ஏன் என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. பிறந்ததில் இருந்து பேசுகிறோம், அவ்வளவுதான்.

நீ, நீர், நீங்கள் என்று வந்தபோது மட்டும் அவளே துள்ளி எழும்பினாள். குவாத்தமாலாவிலும் முன்னால் நிற்கிற ஆளைக் கூப்பிட மூன்று சொல்லாம்: வோஸ், தூ, உஸ்தெத். ஆரை எதால் கூப்பிடுவது என்று அந்த ரீச்சர் ஒரு கிழமை முழுக்கச் சந்தைக்கும் கடைக்கும் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினவவாம். பத்து வருசத் தமிழ்ப் பள்ளியில் "நீர்" அவளுக்கு வரவே இல்லை. இந்தியாவில், மதுரையில் அமெரிக்க மாணவர்களுக்குத் தமிழ் படிப்பிக்கிற நிறுவனம் இருக்கிறது. அங்கே போயிருந்தாலும் அவள் அம்மம்மாவோடு கதைக்கிற தமிழ் கிடைத்திராது.

(ஒரு புதினம்: மேசைக்கு ஸ்பானிஷிலும் மேசா, பாணுக்கு பான், சப்பாத்துக்கு சப்பாத்தோ. போர்த்துக்கீசர் எங்களிடம் விட்டுப்போன சொற்களுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம்.)

கடைசியில் அவளுக்குத் தமிழ் படிப்பித்தது அம்மாதான். குசினியில் வைத்து. "தேங்காயைத் துருவு", "நீத்துப்பெட்டியை எடு", "தண்ணி கொதிச்சிட்டுதோ பார்". பிழையாகச் சொன்னால் அம்மா சிரிக்க மாட்டா, அதையே சரியாகத் திருப்பிச் சொல்லுவா. மூன்றாம் கிழமை மச்சாள் தனியாகச் சந்தைக்குப் போய் வெங்காயம் பேரம் பேசி வாங்கி வந்தாள். விலை கூடத்தான், ஆனால் தமிழில் ஏமாந்தாள்.

வெளிக்கிடுகிற அன்று மாமி அம்மாவின் கைக்குள் ஒரு என்வலப்பை வைத்தா. அம்மா வேண்டாம் என்றா, மாமி அழுத்தினா, அம்மா குனிந்துகொண்டு வாங்கினா. எல்லா ஆவணியிலும் நடக்கிறதுதான். ஆனால் இந்தமுறை எங்களுக்குப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. குவாத்தமாலாவில் அந்த அம்மாவுக்கு மச்சாள் கொடுத்தது கட்டணம். எங்கட அம்மாவுக்குக் கிடைத்தது உதவி. வேலை ஒன்றுதான்.

2009க்குப் பிறகு ஒரு பொம்பிளையின் உழைப்பில் நிற்கிற வீடுகள் வன்னியில் கனக்க. கோழி, தையல் மெசின், கடன் என்று திட்டங்கள் வந்து போயின. தமிழ் பேசத் தெரியும் என்பதை ஒரு தகைமையாக எவரும் எழுதிக்கொண்டு போனதில்லை. ஸ்பானிஷ் இருபது நாட்டு மொழி, எங்களுக்கு அந்தளவு ஆள் வராது என்பது தெரியும். ஆசையாகப் பேசத் தெரிந்தால் போதாது, படிப்பிக்கப் பழக வேண்டும் என்பதும் அந்த அரை மணித்தியாலத்தில் விளங்கியது. இன்னொன்று, தமிழ் படிக்க வாறவைக்குப் போர் நடந்த இடம் காட்டுகிற தொழிலாக இது மாறுமென்றால் எங்களுக்கு வேண்டாம்.

போன கிழமை மச்சாள் வட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள். இந்த ஆவணிக்கு அவளோடு இரண்டு சிநேகிதிகளும் வரலாமா, ஒரு மாதம் படிக்க எவ்வளவு என்று கேட்டிருந்தாள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம்.

"சொந்தக்காரரிட்டக் காசு வாங்கிறதோ?" என்றா முதலில். பிறகு சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே கன நேரம் பேசாமல் இருந்தா.

"சாப்பாட்டுக்கு வாங்கேலாது. படிப்பிக்கிறதுக்கு எண்டால் கேளுங்கோ."

எவ்வளவு என்றுதான் இன்னும் முடிவாகவில்லை. நாங்கள் சொன்ன தொகை அம்மாவுக்குக் கூட, அம்மா சொன்னது எங்களுக்குக் குறைவு.