பிரதிதான், பொம்மையல்ல

நூற்றைம்பது வருடப் பழைய ரிவால்வர் என்று யாராவது நீட்டினால், குழலின் மேல் பொறித்த பெயரைக் கடைசியில்தான் படிப்பேன். போலி செய்பவன் முதலில் நகலெடுப்பது அதைத்தான்.

சாமுவேல் கோல்ட் லண்டனில் தொழிற்சாலை நடத்தியது 1853 முதல் சில ஆண்டுகள்தான். அங்கே உருவான '1851 நேவி' மாடல்களைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கி இந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள். இது போதும் டெல்லியின் பழைய சாமான் வியாபாரிக்கு. எந்த ரிவால்வரைக் காட்டினாலும் 1857 கலகத்தில் சுட்டது என்பார். பாதி வெறும் அலங்கார வார்ப்பு, துளைகூட முழுசாக இருக்காது. மீதியில் பெரும்பாலானவை இத்தாலியில் செய்த பிரதிகள். கருமருந்து போட்டால் நிஜமாகவே சுடும்.

துப்பாக்கிகளைச் சோதித்து அறிக்கை எழுதியே பணிக்காலம் முடிந்தது. மயூர் விஹாரில் குடியேறிய பிறகும் கேட்டு வருகிறார்கள். வீட்டில் வைத்துப் பார்ப்பதில்லை. உரிமம் உள்ள டீலர் கடைக்கு வரச் சொல்வேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிய 1950களின் இறுதியில் இந்தப் பிரதிகளுக்குச் சந்தை பிறந்தது. பிரெஷியாவுக்கு அருகில் உள்ள கார்தோனே வட்டாரத்தில் செய்தார்கள். ஊபர்ட்டி, பியேட்டா இரண்டும் அந்த வட்டாரத்துப் பெயர்கள்தான். இத்தாலியச் சட்டப்படி ஒவ்வொன்றும் அரசுச் சோதனை முத்திரை வாங்கியாக வேண்டும். சட்டகத்தின் பக்கவாட்டிலோ குழலின் அடியிலோ நட்சத்திரத்தோடு ஒரு சின்னம், 'பி.என்.' என்ற கருமருந்துக் குறி, சிறு கட்டத்துக்குள் இரண்டு எழுத்து: இவற்றைத் தேடுங்கள். அந்த இரண்டு எழுத்துதான் பிறந்த வருடம். 'ஏ.ஏ.' என்றால் 1975, 'ஏ.இசட்.' 1990, 'பி.ஏ.' 1991. 1975க்கு முந்தையவற்றில் ரோமன் எண் இருக்கும். கட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டால் கலகக் கதை அங்கேயே முடிந்தது.

முத்திரையை அரத்தால் தேய்த்து, அமிலம் தடவித் துருவேற்றித் தருபவர்களும் உண்டு. கைபட்டுத் தேய்ந்த இரும்பு அப்படி இருக்காது. உறையில் உரசும் குழல் முனையும் உள்ளங்கை படும் கைப்பிடி முதுகும் முதலில் வெளுக்கும்; திருகுத் தலைகளின் இடுக்கில் பழைய நிறம் தங்கும். எல்லா இடமும் ஒரே சீராகக் கிழடு தட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். சட்டகம் பித்தளையாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். கோல்ட் நேவியின் சட்டகத்தைப் பித்தளையில் செய்ததில்லை. போர்க்காலத்தில் இரும்புப் பஞ்சத்தால் ஜார்ஜியாவின் கிரிஸ்வோல்ட் போன்ற ஆலைகள்தான் அப்படிச் செய்தன.

நிலைமையைப் பார்ப்பதற்கு முன், காலியா என்று பாருங்கள். இந்த வகையில் தோட்டா கிடையாது. மருந்தும் ஈயக் குண்டும் சிலிண்டர் அறைக்குள் முன்பக்கமாக இடித்து ஏற்றப்படும். பின்னால் உள்ள நிப்பிளில் தீபாவளிப் பொட்டுக் கேப் மாதிரி ஒரு செம்புத் தொப்பி. தொப்பி இல்லை என்பதால் அறை காலி என்று ஆகாது. கருமருந்து பல பத்தாண்டு கழித்தும் உயிரோடு இருக்கும்.

பிறகு ஹேமரை மெதுவாக, மிக மெதுவாக இழுப்பேன். அது முழுதாக நிற்கும்போது சிலிண்டரும் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாக. ஒன்றில் தவறினாலும் குண்டு குழலுக்கு நேராகப் போகாது. சிலிண்டரைச் சுற்றி ஆழமான கோடு விழுந்திருந்தால் உள்ளே பூட்டு நாக்கு சரியாக உட்காரவில்லை.

கோல்ட் வகையில் மேல்பட்டை கிடையாது; ஓர் ஆப்புதான் குழலைப் பிடித்து வைக்கிறது. ஆப்பைத் தட்டிக் குழலைக் கழற்றியதும் நடு அச்சை விரலால் அசைத்துப் பார்ப்பேன். ஆடினால் அதோடு முடிந்தது. பித்தளைச் சட்டகத்தில் இன்னொன்று: அதிக மருந்து போட்டுச் சுட்டிருந்தால் சிலிண்டரின் பின்பகுதி பித்தளையில் வட்டத் தழும்பாகப் பதிந்திருக்கும். இதற்கு வைத்தியம் இல்லை. ஹேமர் வெறுமனே அடித்து நசுங்கிய நிப்பிளை மாற்றிவிடலாம். அது விலையில் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம்.

ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றி ஒவ்வொரு அறையின் அடிவரை விடுங்கள். கருமருந்தின் எச்சத்தில் உள்ள உப்புகள் ஈரத்தை இழுக்கும். சுட்டுவிட்டுத் துடைக்காமல் வைத்த ரிவால்வரை டெல்லியின் ஒரு ஜூலை மாதமே தின்றுவிடும். பஞ்சு செம்பழுப்பாக வந்தால் வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

இனி சட்டம். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு அளிப்பது, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்கால ஆயுதத்துக்குத்தான். சுடக்கூடிய இத்தாலியப் பிரதி சாதாரணத் துப்பாக்கிதான். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இப்படி ஒன்று கிடைத்தால் பையில் போட்டு மெட்ரோவில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் காவல் நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். 21-ஆம் பிரிவின்படி அங்கேயோ உரிமம் உள்ள டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். விலையெல்லாம் அதற்குப் பிறகு பேசலாம்.