பனையடியில் ஒரு நடைப்பயணம்

நகரங்களிலுள்ள மதுவாலைகளை நடந்தே கண்டுவர விரும்புவோர் முதலில் வரைபடத்தை விரிப்பர். டப்ளின் நகரில் ஆதர் கின்னஸ் 1759இல் குத்தகைக்கு எடுத்த பியர் ஆலை இன்றும் அவ்விடத்திலேயே உள்ளது, வழி தவறுவதற்கில்லை.

மன்னாரிலோ மதுவாலை பனையின் உச்சியிலே உள்ளது. அதற்குப் புகைபோக்கியும் இல்லை, கொதிகலனும் இல்லை. சீவிய பாளையிலிருந்து முட்டியில் துளித்துளியாய் விழும் இன்சாறு, மதுவங்களால் நொதித்துச் சில மணி நேரத்திற் கள்ளாகின்றது. நாட்செல்லப் புளித்துக் காடியாகின்றது. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால், அதே சாறு கருப்பநீராய் இனிக்கும். ஆகவே இங்கு நடப்பவன் தூரத்தைவிடப் பொழுதையே கணிக்க வேண்டும். சீவற்றொழிலாளி மரமேறும் காலையும் மாலையுமே அவனுக்கு வழிகாட்டி.

ஆயின், நடைக்குப் பொழுது மட்டும் போதுமா? தீவைக் கடந்து கரையோரமாய்த் தெற்கே நடந்தால், சிலாவத்துறைக்கு அப்பால் முள்ளிக்குளம் வரும். அவ்வூர் மக்கள் 2007இல் வெளியேற்றப்பட்டனர். அங்கே கடற்படை முகாம் அமைந்தது. நூறு ஏக்கர் நிலம் விடுவிக்கப்படுமென 2017இல் அறிவிக்கப்படுவதற்கும் அவர்கள் போராட வேண்டியிருந்தது. அயலான் சுவை நாடி வழி வகுக்கின்றான். ஊரவன் நாடுவதோ தன் வீட்டு வாசலுக்குச் செல்லும் வழியை. நடைப்பயணம் வகுப்போர் முதலிற் குறிக்கவேண்டிய வழியும் அதுவே.