ஐந்தரைக் கட்டைப் பானை

மானாமதுரைக் கடம் கனமானது. சென்னைக் கடத்தில் கை பழகியவர்கள் இதை மடியில் வைத்ததும் ஒரு நொடி திணறுவார்கள். அந்தக் கனத்துக்காகவே இதைத் தேடி வருபவர்களும் உண்டு. நான் உடன் சென்றிருந்த பாடகியும் அப்படித்தான் வந்திருந்தாள்.

"என் பாட்டெல்லாம் அஞ்சு கட்டைச் சுதில இருக்கும்மா" என்றாள். ஈரப் பானையைத் தட்டிக்கொண்டிருந்த, கடம் செய்யும் அம்மா நிமிராமலே பதில் சொன்னார். "அஞ்சுல இப்ப ஒண்ணும் இல்ல பாப்பா. அஞ்சரைல ரெண்டு கிடக்கு, தட்டிப் பாரு."

கிதாருக்கு முறுக்காணி இருக்கிறது. மிருதங்கத்துக்கு வார் இருக்கிறது. பானைக்கு அப்படி எதுவும் கிடையாது. சூளையில் வெந்து வெளியே வந்தபின் அதன் சுதி அதுதான். களிமண் சிறிது ஒட்டியோ, உள்ளே தண்ணீர் விட்டோ கொஞ்சம் இறக்கலாம், அவ்வளவே. ஆகவே சுதியை வேகும் முன்பே கையால் கணக்கிட்டாக வேண்டும். மண்ணின் எடை, சுவரின் கனம், வெந்தால் எவ்வளவு சுருங்கும் என்ற அனுமானம் எல்லாம் அந்த அம்மாவின் மணிக்கட்டில் இருக்கின்றன. உள்ளே ஓர் உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டுகிறார். ஒரே பானையை ஆயிரக்கணக்கான முறை தட்ட வேண்டியிருக்கிறது. ஓர் இடம் தடித்து இன்னோர் இடம் மெலிந்தால் விரல் விழும் இடத்துக்கு ஏற்ப ஓசை மாறிவிடும். இந்த ஊரில் கடம் செய்த மீனாட்சி கேசவனுக்கு சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. 2023இல் மானாமதுரை மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடும் வந்தது. தொழிற்கூடத்தில் அவற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. விறகு விலையைப் பற்றித்தான் பேசினார்கள்.

பாடகி ஐந்தரைக் கட்டைப் பானையைத் தட்டினாள். கைபேசிச் செயலி ஜி ஷார்ப் என்று காட்டியது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டாள். கடம் வரும் பாட்டுகள் எல்லாம் அரைக் கட்டை ஏறின. கிதாரின் முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டினால் போதும். குரலுக்கு மாட்டக் கேப்போ இல்லை. மேல் சுரங்களை எட்டுவதற்கு அவள்தான் மெனக்கெட வேண்டியிருந்தது.

ஆல்பம் வெளியாகும்வரை பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவளைப் பாடகி என்றே குறிப்பிடுகிறேன். தெம்மாங்கு, நடவு, ஒப்பாரி மெட்டுகளில் சொந்தமாக வரி எழுதுகிறாள். கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. நண்பர்கள் தந்த பணமும் கல்யாண வீடுகளில் பாடிச் சேர்த்த பணமும்தான் முதல். இப்போது 'அகூஸ்டிக்' என்றாலே, மூடிய அறையில் ஒரு கிதார், காதோரம் முணுமுணுக்கும் ஒரு குரல் என்று ஆகிவிட்டது. அது கிதாரை வைத்து வந்த பழக்கம். நம் பக்கத்தில் மின்சாரம் தொடாத வாத்தியங்களை எண்ணிப் பாருங்கள்: பறை, தவில், உறுமி, நாயனம். ஒன்றாவது முணுமுணுக்குமா? தெருமுனைக்குக் கேட்பதற்காகவே செய்யப்பட்டவை அவை. அவற்றை ஓர் அறைக்குள் மைக்குக்கு முன்னால் உட்கார வைப்பதே வம்பு. திரைப்பாட்டுகள் அந்த வம்பிலிருந்து சுலபமாகத் தப்பித்துக்கொள்கின்றன. கணினியில் சேமித்து வைத்த பறையடி ஒன்றை எடுத்து அடுக்கினால் கிராமம் வந்துவிடும். ஒரே அடி நூறு பாட்டில் ஒலிப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

ஒலிப்பதிவு நடந்தது ஊரின் ஓரத்தில், முற்றம் வைத்த ஒரு பழைய வாடகை வீட்டில். ஒலிப்பதிவு செய்யும் தம்பி சென்னையில் சினிமா ஸ்டுடியோக்களில் வேலை பார்த்தவன். அறைச் சுவர்களில் இலவம்பஞ்சு மெத்தைகளைச் சாய்த்து வைத்திருந்தான். குளிர்சாதனப் பெட்டியின் முனகல் பதிவில் ஏறும் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருந்த பாலும் மாவும் பக்கத்து வீட்டுக்குப் போயின. மின்விசிறியும் ஓடக் கூடாது. வியர்வையில் கிதார் நழுவ, அவள் மடியில் துண்டு போட்டுக்கொண்டாள்.

முதலில் அவள் மைக்குக்கு மிக அருகில் வாயை வைத்துப் பாடினாள். இணையத்தில் கிதார்ப் பாட்டுகள் கேட்டு வளர்ந்த பழக்கம். தம்பி வைத்திருந்தது போன்ற மைக்குகளை நெருங்க நெருங்கக் குரலின் அடித்தொனி பெருத்துக் கேட்கும். மெல்லிய குரலையும் வெல்லமாக்கிக் காட்டும். நடவுப் பாட்டுக்கு அது ஒவ்வவில்லை. தம்பி மைக்கை இரண்டடி பின்னால் தள்ளினான். அவள் அரை மனதாகப் பாடினாள். இன்னும் தள்ளினான். நான்காம் வரியில் அவள் குரல் திடீரென்று எழுந்தது, அடுத்த வயலில் இருப்பவளைக் கூப்பிடுகிற குரல். நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயியின் ஊர் இதே சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1985இல் 'ஆண் பாவம்' படத்தில் அவர் பாடியதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்லும் குரல் எதுவென்று தெரியும். மைக்கைக் கெஞ்சாத குரல்.

பறை ஆசான் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். தூரம் இரட்டிப்பானால் திறந்தவெளியில் ஒலி ஆறு டெசிபல் குறையும் என்ற கணக்கை வைத்துக்கொண்டு, தம்பி மைக்கைத் திண்ணை வரைக்கும் கொண்டுபோய்விட்டான். அதன் பிறகும் முதல் அடிக்குத் திரையில் சிவப்பு எரிந்தது. ஆசான் சிரித்தார். அவர் கையில் இருந்தது மரக்கட்டையில் மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய பழைய பறை. வலக்கையில் பூவரசு அடிக்குச்சி, இடக்கையில் மூங்கில் சிண்டு. பக்கத்தில் ஒரு கட்டு வைக்கோல்.

அந்த வைக்கோல்தான் அன்றைய நாளை நடத்தியது. தீயில் காட்டினால் தோல் விறைத்து ஓசை மேலே ஏறும். ஆறினால், ஈரக்காற்று பட்டால், இறங்கும். நாலு நிமிடப் பாட்டுக்குள்ளேயே அந்த வித்தியாசம் தெரிந்தது. ஒரு பக்கம் நகரவே மறுக்கும் பானை, மறு பக்கம் ஓர் இடத்தில் நிற்காத பறை. இரண்டுக்கும் நடுவே கிதாரை வைத்துக்கொண்டு அவள் பாட வேண்டும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் தீ மூட்டினார்கள். புகை அறைக்குள் வந்து அவள் இருமினாள். மறுபடியும் காத்திருந்தார்கள்.

"ஃபைபர் தோல் போட்டுக்கலாமாண்ணே?" என்று தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"வீட்டுல இருக்கு தம்பி, மழை நாள்ல அதைத்தான் எடுத்துட்டுப் போறேன். நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா காலைல பேசுனதையே ராத்திரியும் பேசும். ஒனக்கு அது வேணும்னா எடுத்தாரேன்."

தம்பி வேண்டாம் என்றான்.

காதில் ஹெட்போன் மாட்டவும் ஆசான் மறுத்தார். அதனால் தாளத்தைக் கட்டிப்போடும் கிளிக் ஓசையும் இல்லை. சன்னல் வழியே அவள் தலையசைப்பைப் பார்த்து அடித்தார். வரியின் கடைசிச் சொல்லை அவள் இழுத்தால் அவர் காத்திருப்பார். கேட்க அருமையாக இருந்தது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கிளிக் இல்லாத பதிவில் ஒரு டேக்கின் முதல் பாதியையும் இன்னொன்றின் பின்பாதியையும் ஒட்டுவது கடினம். பிழை வந்தால் முதலிலிருந்துதான். மானாமதுரையோ ரயில்வே ஜங்ஷன். மதுரை, விருதுநகர், காரைக்குடி, ராமேஸ்வரம் என்று நாலு பக்கமும் தடம் போகிறது. ஒரு பாட்டின் கடைசி வரியில் ஹாரன் அடித்தது. அந்த டேக்கை வைத்துக்கொள்ளலாம், ரயிலும் இந்த ஊர்தானே என்றேன் நான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஹாரன் அவள் சுதியில் இல்லையாம்.

சாப்பாட்டு நேரத்தில் பேச்சு பெயர்களைப் பற்றி வந்தது. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் பாட்டை ஏற்றும்போது வாசித்தவர்களின் பெயர்களையும் சேர்க்க இடம் உண்டு. பலர் அதை நிரப்புவதே இல்லை. ஆசான் இதுவரை எத்தனையோ பாட்டுகளுக்கு அடித்திருக்கிறார். "பேரு போட்டாங்களான்னு பார்க்கத் தெரியாது. காசு குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன்" என்றார். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் வாசிப்பவர்களுக்கும் உரிமைத்தொகையில் பங்கு உண்டு என்கிறது. ஆனால் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு ஓராண்டில் ஆயிரம் முறையாவது ஓடாவிட்டால் பங்கு பிரிக்கப் பணமே வராது. 2024 முதல் அதுதான் விதி. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் ஆசானின் தெருவில் வெடி போட்டார்களாம். அதே வாரம் ஒரு சாவு வீட்டில் அடித்தவர்களுக்குத் திண்ணைக்கு வெளியே இலை போட்டதையும் சேர்த்துச் சொன்னார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. பாடகி மட்டும் பாதிச் சோற்றில் எழுந்து போய்க் கை கழுவினாள்.

திரும்பி வந்து, நோட்டில் எல்லாருடைய பெயரையும் அவரவர் சொன்னபடி எழுதிக்கொண்டாள். கடம் செய்த அம்மாவின் பெயரும் அதில் இருந்தது. ஆல்பத்தைப் பென்டிரைவிலும் போட்டுத் திருவிழாக்களில் விற்கப்போகிறாளாம். வேன் ஓட்டுநர்கள் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.

இன்னும் இரண்டு பாட்டு பாக்கி. இரண்டிலும் பறை உண்டு. அடுத்த வாரமே முடித்துவிடலாமா என்று தம்பி கேட்டான். ஆசான் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்துப் புரட்டினார். அம்மன் கோயில்களில் ஆடி முழுக்க அவருக்கு வேலை. "ஆவணில வாங்க" என்றார்.