தந்தையாரின் மோரிஸ் வண்டி

எம் தந்தையார் சந்தைக்குக் காய்கறி ஏற்றிய மோரிஸ் மைனர் பிக்கப் வண்டி 1964-ஆம் ஆண்டினது, 1098 சி.சி. இயந்திரம், நான்கு கியர். அவர் மறைந்தபின் அது மாமரத்தடியில் துருவேறிக் கிடந்தது. காணப் பொறாத யாமும் தம்பியும், உடைத்து விற்ற டொயோட்டா உன்சர் ஒன்றின் 1781 சி.சி. இயந்திரத்தையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் வாங்கி வந்தோம்.

சங்கிலிக் கப்பியால் இறக்கினோம். தாங்கிகளைப் புதிதாய்ப் பற்றவைத்தோம். பின் அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டை அளவுக்கு வெட்டுவித்தோம். பெட்ரோல் பீச்சும் முறைக்குரிய மின்கம்பிகளைப் பிரித்தறியவே இரு மாதம் சென்றது. உறுமல் கேட்டு அண்டை வீட்டாரெல்லாம் கூடினர்.

அன்னையார் மட்டும், "ஓட வைத்துவிட்டீர்கள், நிறுத்துவது எதைக் கொண்டு?" என்றார். யாம் நகைத்தோம். பிரேக்கோ நான்கு சக்கரத்திலும் பழைய டிரம்மே; ஏறக்குறைய ஐம்பது குதிரைத்திறனுக்கென அமைந்தது.

வளவின் சரிவில் தம்பி ஓட்டிப் பார்த்தான். மிதித்தும் நில்லாத வண்டி இரு வாழைகளைச் சாய்த்தே நின்றது. நண்பகலாதலின் ஆங்கு எவருமிலர். மாலையாயின் எம் பிள்ளைகள் விளையாடும் இடம் அதுவே. அன்றிரவு யாம் உறங்கவில்லை.

இப்போது முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்குப் பூட்டுகிறோம். சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல் கிட்டும்வரை வண்டி தெருவைக் காணாது. பழைய இயந்திரத்தை எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறார் அன்னையார். விற்க விடமாட்டேன் என்கிறார்.