கால் முளைத்த மணல்

நுழையும்முன்

நிலம் அசையாதது என்றே நாம் எண்ணுகிறோம். காற்றின் வேகத்தை மண்ணின் ஈரமும் மரத்தின் வேரும் தாங்கி நிற்கும்வரை அவ்வெண்ணம் பொய்ப்பதில்லை. அவை தளர்ந்தால் மணல் நடக்கத் தொடங்கிவிடும். தேரிக்காட்டின் ஓரத்தில் வளர்ந்த ஓர் ஆசிரியரின் நினைவுகள், காலநிலைக்கும் மணலுக்கும் உள்ள உறவை நமக்கு உணர்த்துகின்றன.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு ஐந்திணைகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். மழை பொய்த்து வெயில் முதிரும்போது முல்லையும் குறிஞ்சியும் வளம் இழந்து பாலையாகிவிடும் என்று இளங்கோவடிகள் உணர்த்துவதைக் கூறினேன். கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"ஒரு நிலம் இன்னொரு நிலமா மாறுமா டீச்சர்? நீங்க பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன். அந்த மாற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. அன்று மணி அடித்துவிட்டதால் அவளுக்குச் சொல்ல இயலாததை இங்கே எழுதுகிறேன்.

செம்மணற்காடு

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் செம்மணல் மேடுகளைத் தேரி என்பர். மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை சிவந்து கிடக்கும் அம்மணலில் பனையும் உடைமரமும் முந்திரியும் வளர்கின்றன. மணற்பரல்களின்மேல் இரும்புத்தாது படிந்து, காற்றோடு வினைபுரிந்ததால் வந்தது அந்தச் செந்நிறம். மழைக்காலத்தில் தேரி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்நீர் மெல்லக் கசிந்து ஓரங்களில் சுனையாகவும், தருவை எனப்படும் ஆழமற்ற நீர்நிலையாகவும் தேங்கும். புத்தன்தருவை, வைரவன்தருவை என்று ஊர்ப்பெயர்களிலேயே அந்நீர் நிலைத்திருக்கிறது.

இம்மணல் நேற்றுக் குவிந்ததன்று. பழங்கால மனிதர் செதுக்கிய நுண்கற்கருவிகள் தேரிகளில் கிடைத்துள்ளன. சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் அவற்றை ஆராய்ந்து 1956ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டனர். கடல்மட்டம் தாழ்ந்தும் உயர்ந்தும், மழை பெருகியும் சுருங்கியும் வந்த நெடுங்காலத்தின் பதிவேடாகத் தேரி விளங்குகிறது. காலநிலை மாறியபோதெல்லாம் மணல் நடந்திருக்கிறது, மீண்டும் நின்றிருக்கிறது.

காற்றின் கணக்கு

எங்கள் வீடு தேரியின் கீழோரத்தில் இருந்தது. ஆடி பிறந்தால் மேல்காற்று வீசத் தொடங்கும். ஆச்சி உள்ளிருந்து குரல் கொடுப்பார்: "ஏட்டி, கதவை அடை. தேரி வீட்டுக்குள்ள வருது." காலையில் எழுந்தால் திண்ணையில் சிவப்பாய் ஒரு விரற்கடை மணல் படிந்திருக்கும். பானையை மூடிய துணியை உதறிய பின்னரே தண்ணீர் முகக்க முடியும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழியை நாங்கள் மிகையாகக் கருதியதில்லை.

இதன் காரணத்தைப் பின்னாளில் படித்து அறிந்தேன். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பகுதியை மலைக்கு மேற்கே பொழிந்துவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வறண்ட காற்றாய் விரைந்து வருகிறது. எங்கள் பகுதிக்கு மழை தருவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவக்காற்றே. ஆகவே, காற்று மிக வலுத்து வீசும் மாதங்களும் மண் மிகக் காய்ந்திருக்கும் மாதங்களும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

மணல் எவ்வாறு நகர்கிறது என்பதை ரால்ஃப் பாக்னால்டு என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் பாலைவனங்களிலும் ஆய்வுக்கூடத்திலும் ஆராய்ந்து, 1941ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நுண்ணிய புழுதி காற்றோடு கலந்து வானில் மிதந்து செல்லும். மணற்பரலோ தத்தித்தத்திச் செல்லும். விழும் பரல் தரையில் மோதி மற்றொரு பரலை எழுப்பும். பெரிய பரல்கள் அம்மோதலால் தரையோடு உருளும். இதனைத் தடுப்பவை இரண்டே: பரல்களை ஒட்டவைக்கும் ஈரம், காற்றின் வேகத்தைக் குறைத்து மண்ணைப் பிடித்துவைக்கும் செடிகொடிகள்.

32 பனைகள்

எங்களுக்கு இருந்த சொத்து தேரியோரத்தில் ஒரு சிறு தோட்டமும் ஒரு கிணறும் மேற்கு எல்லையில் வரிசையாய் நின்ற பனைகளுமே. அப்பா பனையேறிப் பதநீர் இறக்குவார். அம்மா கருப்பட்டி காய்ச்சுவார். 1991ஆம் ஆண்டில் நான் முதுகலைப் பட்டம் பெற்றேன். கல்வியியல் படிக்க இடம் கிடைத்தது, பணம் இல்லை. செங்கற்சூளைக்கு மரம் வாங்கும் ஒருவர் வந்தார். அப்பா 32 பனைகளை விலைபேசினார்.

ஆச்சி மட்டும் தடுத்துப் பார்த்தார். "காத்துக்குப் போட்ட வேலியல்லவா வெட்டுத? மணலுக்குக் கால் முளைச்சிரும்டா" என்றார். அப்பா பதில் கூறவில்லை. மூன்று நாள்களில் மேற்கு எல்லை வெறுமையானது. அந்தப் பணத்தில்தான் நான் ஆசிரியரானேன்.

அடுத்த ஆடியில் மணல் தோட்டத்துக்குள் வந்தது. அதற்கடுத்த ஆண்டு முருங்கை மரங்களின் அடியை மூடியது. அப்பா கடவப்பெட்டியில் மணலை வாரி வாரி வெளியே கொட்டுவார். இரவில் காற்று அதனைத் திரும்பக் கொண்டுவரும். ஏழாம் ஆண்டில் கிணற்றின் கைப்பிடிச்சுவரும் மறைந்தது. விடுமுறைக்குச் சென்ற நான் அந்த இடத்தில் நின்று அழுதேன். "மணல் வரத்தான் செய்யும், போகத்தான் செய்யும். நீ படிச்ச படிப்பு எங்கயும் போகாது" என்றார் அப்பா. அவர் இறக்கும்வரை அப்பனைகளைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை.

உலகெங்கும் புழுதி

எங்கள் தோட்டத்தில் நிகழ்ந்தது உலகில் பெரிய அளவில் நிகழ்ந்துவருகிறது. ஏறத்தாழ 11,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன்வரை சகாராவின் பெரும்பகுதி புல்வெளியாக இருந்தது. அங்குள்ள பாறை ஓவியங்களில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் மாட்டுமந்தையும் காணப்படுகின்றன. பூமியின் சுற்றுப்பாதையில் மெல்ல நிகழ்ந்த மாற்றத்தால் மழை பின்வாங்கியது. பெரும் ஏரிகள் வற்றின. அவ்வாறு வற்றிய ஏரிப்படுகையான சாடு நாட்டின் போடெலே பள்ளம், இன்று உலகிலேயே மிகுதியாகப் புழுதி எழும் இடங்களுள் ஒன்றாக உள்ளது. சகாராவின் புழுதி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, ஆண்டுதோறும் ஏறத்தாழ 22,000 டன் பாஸ்பரசை அமேசான் காட்டிற்கு உரமாகச் சேர்க்கிறது என அறிவியலாளர் கணக்கிட்டுள்ளனர். புழுதி தீமை மட்டும் செய்வதன்று என்பதற்கு இது சான்று.

மாற்றத்தின் விரைவுதான் இன்று அச்சம் தருகிறது. அன்று பல நூற்றாண்டுகளில் நிகழ்ந்ததை நாம் ஒரு தலைமுறைக்குள் நிகழ்த்துகிறோம். பாசனத்திற்காக ஆறுகளைத் திருப்பியதால் 1960களிலிருந்து ஏரல் கடல் சுருங்கியது. அதன் படுகையிலிருந்து இப்போது உப்புப்புழுதி எழுகிறது. பூமியின் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1 டிகிரி செல்சியசுக்கும் மேலாக உயர்ந்துவிட்டது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும். எனவே காய்ந்த நாள்களில் மண்ணின் ஈரம் விரைவாக உறிஞ்சப்படுகிறது. மழை வரும்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது.

2023 டிசம்பரில் தேரிக்கு அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையையும் விஞ்சிய அளவு அது. அத்தகைய மழையை மண் பொறுமையாகக் குடிப்பதில்லை. நீர் மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடுகிறது. அதன் பின்னர் வரும் நீண்ட கோடையில் வேரிழந்த மண் காற்றுக்கு இரையாகிறது.

எங்கள் கிணற்றை மூடியது காலநிலை மாற்றம் என்று கூறமாட்டேன். வேலியை வெட்டியவர்கள் நாங்களே. ஆயினும், மாறிவரும் காலநிலை முதலில் நுழையும் இடம், இவ்வாறு வேலி இழந்த நிலமாகவே இருக்கும்.

வேர் முதலில்

இவற்றையெல்லாம் மறுநாள் வகுப்பில் கூறினேன். அந்த மாணவி மீண்டும் எழுந்தாள். "அப்போ நீங்க படிச்சது தப்பா டீச்சர்?"

சற்று நேரம் பேசாதிருந்தேன். "படித்தது தவறன்று. ஒரு பெண் படிப்பதற்கு மரத்தை விற்பதைத் தவிர வேறு வழியில்லாதிருந்ததுதான் துன்பம். கடன் என்னுடையது; அதை நான் அடைக்கவேண்டும்" என்றேன்.

பனை நம் மாநில மரம். அதனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. வெட்டாமல் காப்பது ஒன்று, நடுவது மற்றொன்று. புரட்டாசியில் அம்மாணவர்கள் என்னுடன் வந்தனர். பழைய மேற்கு எல்லையில் 32 பனங்கொட்டைகளைப் புதைத்தோம். பனையின் முளை முதலில் மேல்நோக்கி வருவதில்லை. மண்ணுக்குள் ஆழமாக இறங்கிக் கிழங்காகித் தன்னை நிலைநிறுத்திக்கொண்ட பின்னரே இலைவிடும்.

இவ்வாண்டு ஆடியில் சென்று எண்ணிப் பார்த்தோம். 19 குருத்துகள் நின்றன. மற்றவற்றை மணல் மூடியிருந்தது. அவை பாளைவிடும் காலத்தில் நான் இருப்பேனா என்பது தெரியாது. என் மாணவர்கள் இருப்பார்கள். வரும் புரட்டாசியில் எஞ்சிய 13 இடங்களிலும் மீண்டும் விதைக்கவிருக்கிறோம்.